செகண்ட் ஹேண்ட் சவாரி – 11: ஆயில் எஞ்சினுக்கு இரண்டு சக்கரம்

ஒட்டன்சத்திரம் சந்தைக்கும் அதுவே, ராமேஸ்வரத்துக்கும் அதுவே. அப்படி ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். முன்கதை இவ்வளவுதான். இத்தனை வாரமும் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர்களுக்காக இதற்கு மேல் இடத்தைச் செலவழிக்க முடியாது.

எந்த மாடல், எந்த வருஷம் என்று இந்த வாரம் பெயர் சொல்லி எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதுவேன். நடுவில் ஒரு டீசல் புல்லட் வந்து வழியில் நின்றுவிட்டது. அதைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும்.

வேடசந்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய புல்லட் விலைக்கு இருப்பதாகத் தகவல். போய்ப் பார்த்தால் விலைக்கு இருந்தது சாதாரண வண்டி. டேங்கில் புதுப் பெயின்ட், அடியில் ஆயில் சொட்டு, விலை மட்டும் ஷோரூம் விலை. கிளம்பும் நேரத்தில், மோட்டார் ரூமுக்குள் சாக்குப் போர்த்தி இன்னொன்று நிற்பது கண்ணில் பட்டது. ஃபிரேம் புல்லட், டேங்க் புல்லட், நடுவில் உட்கார்ந்திருந்த எஞ்சின் மட்டும் புல்லட் இல்லை. ஸ்பார்க் பிளக் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய இரும்புக் குழாய் வந்து இறங்கியிருந்தது.

"அது டீசல், தம்பி. ஆயில் எஞ்சின்" என்றார் தோட்டக்காரர்.

"ஓடுமாண்ணே?"

"ஓடாம? கிணத்துல தண்ணி இருந்தா அதை வச்சு இறைச்சே புடலாம்."

கொடுப்பீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சாக்கை இழுத்து மூடிவிட்டார்.

அவர் வேடிக்கையாகச் சொன்னது கிட்டத்தட்ட நிஜம். சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தயாரித்து விற்ற அந்த வண்டியின் பெயர் டாரஸ். அதற்குள் இருப்பது கிரீவ்ஸ் லோம்பார்டினி எஞ்சின். இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா என்ற ஊரில் இருந்த லோம்பார்டினி கம்பெனி வடிவமைத்து, இந்தியாவில் கிரீவ்ஸ் தயாரித்தது. வயலில் தண்ணீர் இறைக்கவும், சிறு இயந்திரங்களைச் சுற்றவும், மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளை இழுக்கவும் பிறந்த குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் ஒருவரைக் கூப்பிட்டுப் புல்லட் ஃபிரேமில் உட்காரவைத்துவிட்டார்கள். டீசலில் மோட்டார் சைக்கிள் செய்து பார்த்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு, ராணுவத்துக்காக, பந்தயம் கட்டி, பொழுதுபோகாமல். ஷோரூமில் வைத்து வருஷக்கணக்கில் பெரிய அளவில் விற்றது நம்ம திருவொற்றியூர்தான். இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத செய்தி இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்களைப் பாருங்கள். 325 சிசி. ஆறரைக் குதிரைச் சக்தி. வண்டியின் எடை 196 கிலோ. அதே காலத்துப் பெட்ரோல் புல்லட் 350-க்குப் பதினெட்டுக் குதிரைச் சக்தி. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல்தான் இதற்கு. இன்று திண்டுக்கல் நாகல் நகரில் காய்கறி மூட்டையோடு ஓடும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-க்கே நாலு குதிரைச் சக்திக்கு மேல் உண்டு, அதன் எடை இதில் பாதிகூட வராது. டாரஸின் உச்ச வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர். அதையும் தொடுவதற்குச் சாவகாசமான சாலையும் சாவகாசமான மனசும் வேண்டும். பதிலுக்கு அது கொடுத்தது மைலேஜ். லிட்டருக்கு எழுபதைத் தாண்டும் என்பார்கள், பெட்ரோல் புல்லட் முப்பதைத் தொட்டாலே ஊரைக் கூட்டிச் சொன்ன காலத்தில். டீசல் விலை அன்று பெட்ரோலைவிட வெகுவாகக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்குப் பிடித்தது மைலேஜ் இல்லை. டீசல் எஞ்சினுக்குள் காற்றை அழுத்துகிற அழுத்தத்திலேயே அது கொதித்துவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே பிளக் கிடையாது, காயில் கிடையாது, பாயிண்ட் செட் கிடையாது. பழைய பெட்ரோல் புல்லட்டில் பாதி நாள் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பதில் கழியும், மழையில் நனைந்தால் மீதி நாளும் கழியும். டாரஸில் தொந்தரவு செய்ய இருப்பவை பம்ப்பும் நாசிலும்தான். லைனில் ஏர் எடுத்துக்கொண்டால் நட்டைத் தளர்த்தி ஏர் விடவேண்டும். இதைச் செய்ய மோட்டார் சைக்கிள் மெக்கானிக் தேவையில்லை. திண்டுக்கல் சமவெளியில் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்த காலத்தில் இந்த வேலை தெரிந்த ஆள் எல்லா ஊரிலும் இருந்தார். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் என்று ஆகி, கிணற்றடியில் ஆயில் எஞ்சின் குறைந்து, கரண்டு மோட்டார் உட்கார்ந்த பிறகும் அந்தக் கைகள் ஊரில் இருந்தன. நடு ராத்திரி குஜிலியம்பாறை ரோட்டில் வண்டி நின்றால்கூட, பக்கத்துத் தோட்டத்துக் கதவைத் தட்டினால் போதும்.

நெடுந்தூர வண்டி என்று நான் இந்தத் தொடரில் சொல்லிவருவது இதைத்தான். எஞ்சின் எத்தனை சிசி என்பதும் டேங்கில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்பதும் விளம்பரக்காரர்களின் கணக்கு. வண்டி நின்றுபோன இடத்திலிருந்து அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், அதற்கான பாகம் எவ்வளவு தூரத்தில் கிடைக்கிறது, இதுதான் பழைய வண்டி வாங்குகிறவனின் கணக்கு. புது வண்டிக்குக் கம்பெனி வாரண்டி இருக்கிறது. பழைய வண்டிக்கு மெக்கானிக்தான் வாரண்டி.

சரி, அப்படியானால் டாரஸையே வாங்கிவிடலாமே? கூடாது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோது டாரஸ் நின்றுபோயிற்று. இன்று கண்ணில் படுகிற டீசல் புல்லட்டுகளில் எது கம்பெனியில் பிறந்தது, எது பட்டறையில் பிறந்தது என்று பிரிப்பது பெரிய வேலை. பழைய பெட்ரோல் புல்லட்டில் ஆயில் எஞ்சினைப் பூட்டி ஓட்டியவர்கள் நாடு முழுக்க உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதற்குக் குறுக்கே நிற்கிறது. கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அழுத்திச் சொல்லிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் என்ற இடத்தில் 'டீசல்' என்று இருக்கவேண்டும், அதுவும் முதல் பதிவிலிருந்தே. தவிர, அறுபத்தைந்தில் ஓடுகிற வண்டியை வைத்துக்கொண்டு மதுரை நாலுவழிச் சாலையில் என்ன செய்வது? அங்கே மோட்டார் சைக்கிளுக்கே 80 வரை அனுமதி. பின்னால் வருகிற ஆம்னி பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டான். ஓடியும் ஓடாமலும் இடது ஓரக் கோட்டில் தொங்கிக்கொண்டு போகிற பயணத்தை யாரும் சுற்றுலா என்று சொல்லமாட்டார்கள்.

ஆக, டாரஸ் வேண்டாம். டாரஸின் குணம் வேண்டும்.

இந்த இடத்தில் ஜி.டி. நாயுடு நினைவுக்கு வருகிறார். எப்படி வராமல் இருப்பார்? செகண்ட் ஹேண்ட் மோட்டார் சைக்கிள் வாங்குகிற தமிழன் எவனுக்கும் அவர்தான் குலதெய்வம். 1893-ல் கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். ஊருக்கு வந்த வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்ததிலிருந்து பையனுக்கு நிலைகொள்ளவில்லை. கோயம்புத்தூருக்குப் போய் ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துக் காசு சேர்த்து, கடைசியில் அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஊர்கோலம் போகவில்லை. முழுக்கக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி பூட்டினார். எஞ்சின் என்றால் என்னவென்று அவர் படித்த பள்ளிக்கூடம் அந்தப் பழைய வண்டிதான். 1920-ல் ஒரு பஸ்ஸை வாங்கித் தானே ஓட்டத் தொடங்கினார். எந்த ரூட்டில்? பொள்ளாச்சியிலிருந்து நம்ம பழனிக்கு. திண்டுக்கல் மாவட்டம் என்று ஒன்று 1985-ல்தான் பிறந்தது என்பதால் அன்று அது மதுரை ஜில்லா. ஆனாலும் பழனி பழனிதானே. அந்த ஒற்றை பஸ்தான் பிறகு யூ.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

நாயுடு மாதிரி கழற்றிப் பூட்டத் தெரியாதவர்கள் என்ன செய்வது? கழற்றிப் பூட்டத் தெரிந்தவரைக் கூட அழைத்துப் போகவேண்டும். வண்டியைப் பார்க்கப் போகும்போது மச்சானையும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவர்கள் பேரத்துக்கு ஆவார்கள், எஞ்சினுக்கு ஆகமாட்டார்கள். மெக்கானிக்குக்கு அரைநாள் கூலியைக் கையில் கொடுத்துக் கூட்டிப்போங்கள். வண்டியை விற்றுக்கொடுக்கிறவரிடமும் கமிஷன் வாங்குகிற மெக்கானிக்காக இருக்கக்கூடாது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வாக்குக் கொடுத்த பட்டியல்.

முதலில் வருஷம். மாடலைவிட வருஷம் முக்கியம். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேலான எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம் ஆயிற்று. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 வந்தது. அதோடு கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. இந்த இரண்டு ஏப்ரலுக்கும் நடுவில் ஒரு வருஷம் இருக்கிறதே, அதுதான் நான் சொல்லும் அறுவடைக் காலம். அந்த ஒரு வருஷத்து வண்டிகள் பலவற்றில் பிரேக் புதிய காலத்தது, எஞ்சின் பழைய காலத்தது. ஈரமான தார் ரோட்டில் பிடித்தால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளாது. அதே சமயம் நத்தம் ரோட்டில் சாயங்கால நேரத்தில் எஞ்சின் இருமினால், லேப்டாப் இல்லாமல் ஒரு ஸ்குரூடிரைவரும் ஊதுவதற்கு வாயும் உள்ள எவரும் கார்புரேட்டரைச் சரிசெய்துவிடுவார்.

இன்ஜெக்‌ஷன் கட்சிக்காரர்களுக்கு ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. நம்ம திண்டுக்கல் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள். நூறு கிலோமீட்டருக்குள் கொடைக்கானல், இரண்டாயிரத்து நூறு மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டருக்கு இது தெரியாது. வத்தலக்குண்டில் ஊற்றிய அளவையே பெருமாள்மலையிலும் ஊற்றும். பெட்ரோல் மிஞ்சும், பிளக் கறுக்கும், இழுவை மந்தமாகும். இன்ஜெக்‌ஷன் காற்றை அளந்து அளவை மாற்றிக்கொள்ளும். மாதம் இருமுறை கொடைக்கானலுக்குப் போகிறவர் என்றால் இன்ஜெக்‌ஷன் வண்டியே வாங்குங்கள். வருஷத்துக்கு ஒருமுறை போகிறவர் என்றால் மலையில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள், பள்ளத்தாக்கைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

அந்த வருஷத்து வண்டிகளில் எனக்கு முதல் தேர்வு ஹோண்டா யூனிகார்ன் 150. எத்தனை பேர் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். பார்வைக்கு வங்கி கேஷியர் மாதிரி இருக்கும். 2004-லிருந்து ஓடும் வண்டி என்பதால் அதன் பாகம் கிடைக்காத ஊர் தமிழ்நாட்டில் இல்லை. ஒற்றை ஷாக் அப்சார்பர், மிருதுவான சீட், பின்னால் உட்கார்கிறவர்களின் சபையில் அதற்கு நல்ல பெயர். வீட்டுக்குக் கேஸ் சிலிண்டர் எடுத்துவரலாம். நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஏறக்குறைய முப்பது கிலோ வரும், உள்ளே இருக்கிற கேஸ் மட்டும் 14.2 கிலோ. அதைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு நாகல் நகர் மேம்பாலத்தில் ஏறும்போது வண்டி எடை குறைவாக இருப்பது எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும். ராமேஸ்வரம் 235 கிலோமீட்டர் தூரமும் யூனிகார்ன் அறுபது எழுபதில் அலுங்காமல் போகும். எண்பதுக்கு மேல் அதைத் துரத்தாதீர்கள்.

இரண்டாவது பல்சர் 220. இதற்கு இருபது குதிரைச் சக்தி, பதினைந்து லிட்டர் டேங்க், நெடுஞ்சாலைக்கு ஏற்ற ஹெட்லைட். திருச்சி ரோட்டில் இரவில் வந்தால் அந்த வெளிச்சத்தின் அருமை தெரியும். சங்கடம் என்னவென்றால், இதை ஓட்டியவர்களில் பாதிப்பேர் இதை அடித்து ஓட்டியவர்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களைப் படியுங்கள், முன்னாள் ஓனரின் ஜாதகம் அதில் இருக்கும். குடும்பஸ்தர் கையில் இருந்த 220 கிடைத்தால் விடாதீர்கள்.

மூன்றாவது கிளாசிக் 350, அல்லது அதே எஞ்சின் உள்ள தண்டர்பேர்டு. கார்புரேட்டர், ஹைட்ராலிக் டாப்பட், ஏ.பி.எஸ். எல்லாம் உள்ள அந்த வருஷத்து வண்டி. ஆடி மாதம் தாராபுரம் ரோட்டில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குறுக்கே அடிக்கும்போது இதன் எடைதான் உங்களைச் சாலையில் வைத்திருக்கும். அதே எடைதான் மெயின் ரோட்டில் பூக்கடைக்கு முன்னால் வண்டியைத் திருப்பி நிறுத்தும்போது இடுப்பைக் கேட்கும். புல்லட் மெக்கானிக் என்று தனி ஜாதியே ஊரில் இருப்பது பெரிய பலம். இதற்கும் முந்தைய, வலதுகாலில் கியர் போடுகிற பழைய புல்லட்டைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதை ஓட்டிப் பழகியவர் வீட்டில் இருக்கிற இன்னொரு வண்டியை எடுத்தால் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். ஒரே வண்டி வைத்திருப்பவருக்குத்தான் அது சரிப்படும், அவரும் இரவல் வண்டி ஓட்டக்கூடாது.

ஹிமாலயனை ஏன் சொல்லவில்லை என்று கடிதம் எழுத உட்கார்ந்துவிடாதீர்கள். 2016-ல் வந்த 411 சிசி ஹிமாலயன், 2017-க்குப் பிறகு இன்ஜெக்‌ஷன். நெடுந்தூரத்துக்கென்றே பிறந்த வண்டி. பதினைந்து லிட்டர் டேங்க், இருபத்தோரு இன்ச் முன்சக்கரம், சிறுமலையின் பதினெட்டுக் கொண்டைஊசி வளைவிலும் மேலே கிடக்கும் மண்பாதையிலும் ராஜா. ஆனால் இருநூறு கிலோ, எண்ணூறு மில்லிமீட்டர் உயர சீட். ரேஷன் கடை வரிசையில் அதை உருட்டிக்கொண்டு நிற்பதை நினைத்துப் பாருங்கள். வருஷத்தில் முந்நூறு நாள் வண்டி ஓடப்போவது பேகம்பூருக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில். அந்த முந்நூறு நாளைத் தாங்காத வண்டி மீதி நாட்களுக்குத் தயாராக இருந்து என்ன? இன்டர்செப்டர் 650-க்கும் இதே பதில்தான். இரண்டு சிலிண்டர் சத்தம் கேட்டால் எனக்கும் சபலம் தட்டும் என்பது வேறு விஷயம்.

அந்த அறுவடை வருஷத்து வண்டிகளில் ஒரு குறை. பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 இப்போது பங்குகளில் பரவிவிட்டது. அதற்கேற்ற ரப்பரும் பாகமும் 2023 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில்தான் கட்டாயம். 2019 வண்டியில் பெட்ரோல் ஹோஸ் கெட்டிப்பட்டு வெடித்திருக்கிறதா என்று விரலால் மடக்கிப் பாருங்கள். இருந்தால் மாற்றிவிடலாம், சில்லறைச் செலவு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆகவே டேங்கில் பாதிப் பெட்ரோலோடு மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் டேங்க்கின் வாயில் டார்ச் அடித்துத் துரு பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

பார்க்கிற முறையைப் பற்றி நாலு வரி. காலையில் போங்கள், சொல்லாமல் அரைமணி முன்னதாகப் போங்கள். எஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்பதைப் படிக்காதீர்கள், ஃபுட்ரெஸ்ட் ரப்பரைப் படியுங்கள். இருபதாயிரம் கிலோமீட்டரில் அது வழுவழு என்று ஆகாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்து 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர். வண்டியும் 2019, டயரும் 2019, மீட்டரில் பன்னிரண்டாயிரம் என்றால் நம்பலாம். மீட்டர் பன்னிரண்டாயிரம் காட்டுகிறது, டயர் மட்டும் இரண்டாவது முறை மாற்றியது என்றால் யாரோ கதை சொல்கிறார்கள். மெயின் ஸ்டேண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டில்பாரை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தது மாதிரி தட்டினால் கோன் செட் போயிற்று. சைடு லாக் போட்டு எடுத்துப் பாருங்கள். பூட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இருந்துகொண்டு பூட்டாத வண்டியை வாங்கி வருவது மானக்கேடு.

சேலை கார்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். நெடுந்தூர வண்டிகளில் இதைத்தான் முதலில் கழற்றி எறிவார்கள், பக்கத்தில் பெட்டி மாட்டுவதற்காக. பின்சக்கரத்தின் பாதியையாவது மூடுகிற தடுப்பும், பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. அது ஏட்டில் இருக்கட்டும், அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போகிற வண்டியில் அது இல்லாமல் எப்படி? கழற்றிய இடத்தில் பெட்டிக்காக வெல்டிங் வைத்திருந்தால், ஃபிரேமில் வைத்தார்களா, கேரியரில் வைத்தார்களா என்று குனிந்து பாருங்கள். ஃபிரேமில் வெல்டிங் பட்ட வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

நம்பர் பிளேட் விஷயமும் ஒன்று உண்டு. TN 57 என்றால் நம்ம வண்டி, கேட்டால் நாலு பேர் அடையாளம் சொல்வார்கள். மதுரையின் 58, 59, தேனியின் 60 இவையும் பக்கத்து வீடுதான். சென்னைப் பதிவு வண்டி சந்தேகப்படும்படி மலிவாக வந்தால், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அங்கே என்ன நடந்தது என்று யோசியுங்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு வெளியூரில் தள்ளுவது எளிது. ஹெட்லைட்டுக்குள் சேற்றுக்கோடு, சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கில் துரு, ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் வண்டல், ஒயர் முடிச்சுகளில் பச்சைக் களிம்பு. இந்த நாலு இடத்தில் பாலிஷ் போடுகிறவன் கை போகாது.

பேப்பர் வேலையைத் தொட இந்த வாரம் இடமில்லை, டாரஸ் சாப்பிட்டுவிட்டது. ஃபார்ம் 28, 29, 30, கடன் வண்டிக்கு 35, பதினாலு நாள் கெடு, இன்ஷூரன்ஸைத் தனியாகப் பெயர் மாற்றுவது எல்லாம் அடுத்த வாரம். அதற்குள் அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிட்டவர்கள், ஃபார்ம் 29-இன் இரண்டு பிரதியிலும் விற்றவரின் கையெழுத்தைத் தேதியோடு வாங்கிக்கொண்டு, அவருடைய ஆதார் நகலையும் கேட்டு வாங்கிவையுங்கள். ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா என்று பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

(தொடரும்)